தண்ணீர் பாட்டிலில் ஆசிட் வீட்டுக்கு வந்தால்

கேள்வி: நாங்கள் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். என் கணவர் பீன்யாவில் ஓர் எலக்ட்ரோபிளேட்டிங் (மின்சாரத்தால் உலோக முலாம் பூசும்) பட்டறையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அங்கே கேன்களில் எல்லாம் ஆங்கிலம். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். போன வாரம் பாத்ரூம் உப்புக்கறையைப் போக்க, அங்கிருந்து கொஞ்சம் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்தார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அதை வைத்துக்கொள்ளலாமா? கேனில் இருக்கும் படங்களுக்கு என்ன அர்த்தம்?

பதில்: சகோதரி, ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். மூடியைத் திறக்காமல், பாட்டிலை நிமிர்ந்தபடி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, பிள்ளைகள் போக முடியாத இடத்தில் பூட்டி வையுங்கள். தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக் கெட்டியான ஆசிட்டைத் தாங்கும் ரகம் இல்லை. சாக்கடையிலோ கக்கூஸிலோ கொட்டவும் கூடாது. முதலாளியிடம் சொல்லி, பட்டறை வண்டியிலேயே திருப்பி எடுத்துப்போகச் செய்யுங்கள். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கொண்டுபோகக் கூடாது.

உங்கள் கணவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரியாமல் செய்திருக்கிறார். பிளேட்டிங் பட்டறையில் ‘ஆசிட்’ என்பது ஒரே பொருளின் பெயர் இல்லை. துரு எடுக்க ஹைட்ரோகுளோரிக், முலாம் பூசும் தொட்டியில் சல்ஃப்யூரிக், பித்தளைக்கு நைட்ரிக், குரோம் பூசக் குரோமிக் என்று பல உண்டு. ஒவ்வொன்றின் குணமும் வேறு. கேனில் இருந்த வரை அது எது என்று லேபிள் சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டிலுக்கு மாறியதும் அந்தத் தகவல் போய்விட்டது. இப்போது ஒரு பிள்ளை தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிட்டால், டாக்டரிடம் என்ன பெயர் சொல்வீர்கள்? நான் பட்டறைகளில் பயிற்சி கொடுக்கும்போது முதலில் தேடுவது இப்படிப் பெயரில்லாத பாட்டில்களைத்தான்.

இனி படங்கள். சிவப்புச் சாய்சதுரத்துக்குள் கறுப்பில் வரைந்திருப்பார்கள். உலகம் முழுக்க ஒரே படம் என்பதால் எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை. மொத்தம் 9 உண்டு. உங்கள் கணவருக்கு இப்போது முக்கியமானவை நான்கு. கையின் மேலும் உலோகத்தின் மேலும் சொட்டு விழுந்து அரிக்கிற படம்: தோலையும் கண்ணையும் பொசுக்கும். மண்டை ஓடும் எலும்பும்: கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. மனித மார்பில் நட்சத்திரம் வெடித்த மாதிரி இருப்பது: இன்று ஒன்றும் தெரியாது, வருடங்கள் கழித்துப் புற்றுநோய் போன்றவை வரலாம். வட்டத்துக்கு மேல் தீ: அது தானாக எரியாது, பக்கத்தில் இருக்கும் துணியையும் எண்ணெயையும் பற்ற வைக்கும். குரோமிக் ஆசிட் கேனில் இந்த நான்குமே இருக்கும். அதனால்தான் குரோம் பூசும் தொட்டியைப் பற்றி எனக்குக் கூடுதல் கவலை. அதன் ஆவி மூக்கின் நடுத்தண்டில் புண்ணாக்கி, ஓட்டையே போட்டுவிடும்.

அவரிடம் இன்றே கேளுங்கள்: பட்டறையில் சயனைடு உப்பு இருக்கிறதா? துத்தநாகம், தாமிரம், வெள்ளி பூசுவதற்கு அதைப் பயன்படுத்துவது உண்டு. அதன்மேல் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். நிமிடங்களில் ஆளைக் கொல்லும். கசப்பு பாதாம் வாசனை வரும் என்பார்கள், ஆனால் எல்லோர் மூக்குக்கும் அது எட்டாது. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் அன்றே பிரித்து வைக்கச் சொல்ல வேண்டும்.

சரி, கேட்டால் முதலாளி கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் இருக்கும். 1984 போபால் விபத்துக்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டின் அபாய ரசாயன விதிகளின்படி, ஒவ்வொரு கலனிலும் உள்ளே இருப்பது என்ன என்று எழுதியிருக்க வேண்டும். அந்த ரசாயனத்துக்கான பாதுகாப்புத் தகவல் தாளும் பட்டறையில் இருக்க வேண்டும். தன் பாதுகாப்பு பற்றிய தகவலைத் தொழிலாளி கேட்டுப் பெறும் உரிமையை 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தருகிறது. அந்தத் தாளில் 16 பகுதிகள் இருக்கும். 4ஆம் பகுதி முதலுதவி; 8ஆம் பகுதி கையுறை, முகக்கவசம்; 10ஆம் பகுதி எதோடு சேரக் கூடாது என்பது. இந்த மூன்றையும் போனில் படம் பிடித்து வரச் சொல்லுங்கள். படித்துச் சொல்ல ஓர் ஆளைப் பிடித்து, தமிழில் பெரிதாக எழுதி, கேனிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

பாத்ரூம் கறைக்குக் கடையில் விற்கும் டாய்லெட் கிளீனரே போதும். அதிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான் இருக்கிறது. அது போட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். தொண்டை கரித்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

யாராவது ஆசிட்டைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணீரும் எலுமிச்சையும் கொடுக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்க வைத்து, 112ஐ அழைத்து, உடனே ஆஸ்பத்திரி. கண்ணில் தெறித்தால் அந்த இடத்திலேயே குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். மிண்டோ கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவருடைய வேலைச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். முடிந்தால் பட்டறையிலேயே கைகால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு வரட்டும்.