கணினி கேள்வி – பதில்: எடிட்டரில் தெரியும் படம் தளத்தில் ஏன் தெரியவில்லை?

கேள்வி: பள்ளி வலைத்தளத்துக்காக இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் செடியின் பாகங்களை எஸ்விஜி (படத்தை எழுத்துக் கட்டளைகளாகச் சேமிக்கும் கோப்பு வகை) படமாக வரைந்தேன். அப்புறம் நோட்பேடில் திறந்து ஒரு பெயரை மட்டும் 'வேர் & தண்டு' என்று மாற்றினேன். தளத்தில் ஏற்றினால் படமே வரவில்லை. கோப்பின் நிரல் வரிகளை (கோட்) அப்படியே பக்கத்துக்குள் ஒட்டினால் வருகிறது! என்ன கோளாறு?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: கோளாறு அந்த & தான். எஸ்விஜி கோப்பு எக்ஸ்எம்எல் என்ற கறாரான குறிமொழியின் விதிகளில் ஓடுவது, அங்கே & வந்தால் ஏதோ ஒரு குறியீடு தொடங்குகிறது என்று பொருள், அது தனியாக நின்றால் பிழை, பிழை ஒன்றே ஒன்று என்றாலும் இமேஜ் டேக்கில் (பக்கத்தில் படக் கோப்பைக் காட்டும் img குறி) படம் வராது. ஹெச்டிஎம்எல் பக்கத்துக்குள் ஒட்டும்போது கதையே வேறு. அங்கே பிரவுசர் நம் தப்புகளைத் தானே சரிக்கட்டிக்கொண்டு போய்விடும். 'வேர், தண்டு' என்று மாற்றுங்கள், அல்லது பெயரை இன்க்ஸ்கேப்பிலேயே திருத்துங்கள், அது & குறியைச் சரியான வடிவில் எழுதிக்கொள்ளும்.

இனிமேல் ஏற்றுவதற்கு முன் கோப்பைத் தனியாக எடுத்து குரோமில் இழுத்துப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது வரி, எத்தனையாவது எழுத்து என்று பிழையை அதுவே காட்டும். நிறையப் படங்கள் இருந்தால் எக்ஸ்எம்எல்லின்ட் (xmllint) என்ற கட்டளை வசதி இருக்கிறது (மேக்கில் கூடவே வருகிறது), அதை 'நோஅவுட்' (--noout) சேர்த்து ஓட்டினால் பிழையை மட்டும் சொல்லும், ஒன்றும் சொல்லாவிட்டால் சரி.

ஆனால் இதெல்லாம் இலக்கணச் சோதனைதான். படத்தின் எல்லையைச் சொல்லும் வியூபாக்ஸ் (viewBox) என்ற பண்பில் நடுவில் வரும் ஆங்கில 'பி' பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் அடித்துவிட்டால் எக்ஸ்எம்எல்லின்ட் வாயே திறக்காது, குரோமும் பிழை காட்டாது, படம் மட்டும் பெட்டிக்கு ஏற்பச் சுருங்காமல் வெட்டுப்பட்டு நிற்கும். பக்கத்துக்குள் ஒட்டினால் இதையும் பிரவுசர் திருத்திவிடும் என்பதால் அங்கே பார்த்துவிட்டு நம்பாதீர்கள். இந்த மாதிரித் தப்புகளுக்கு இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் வேலிடேட்டரில் (கோடைச் சோதிக்கும் தளம்) கோப்பை ஏற்றிப் பாருங்கள். இன்க்ஸ்கேப் தன் வசதிக்காகச் சேர்க்கும் 'சோடிபோடி' சமாச்சாரங்களைப் பற்றி அது முணுமுணுத்தால் பயப்பட வேண்டாம், 'ப்ளெயின் எஸ்விஜி'யாகச் சேமித்தால் அவை போய்விடும்.

கேள்வி: ஒரே பக்கத்தில் இரண்டு ஐகான்களை ஒட்டினேன். தனித்தனியாகச் சோதித்தால் பிழையே இல்லை. ஆனால் இரண்டாவது ஐகானில் முதலாவதின் நிறம் ஏறிவிட்டது.
– வலை வடிவமைப்பாளர், கோவை

பதில்: இரண்டிலும் கிரேடியன்ட்டுக்கு (நிறம் படிப்படியாக மாறும் பூச்சு) ஒரே ஐடி (அடையாளப் பெயர்) இருக்கிறது. கோப்பைச் சுருக்கும் கருவிகள் ஐடிகளை 'ஏ', 'பி' என்று ஓரெழுத்தாக்கிவிடும், அதனால் வரும் தொல்லை. பக்கத்தில் முதலில் வரும் 'ஏ'யைத்தான் பிரவுசர் எடுக்கும். கோப்பைத் தனியாகப் பார்க்கும் எந்தச் சோதனையிலும் இது சிக்காது, முழுப் பக்கத்தையும் வேலிடேட்டரில் கொடுத்தால் சிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஐடிக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். சுருக்கிய பிறகு வியூபாக்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள், எஸ்விஜிஓ என்ற சுருக்கும் கருவியின் பழைய பதிப்புகள் அதைத் தூக்கிவிடும்.

கேள்வி: படத்தில் உள்ள தமிழ் எழுத்து வேறு கணினியில் வேறு ஃபான்ட்டில் தெரிகிறதே?
– வாசகர், மதுரை

பதில்: இது கோட் பிழை இல்லை, எந்தச் சோதனையும் சொல்லாது. கோப்பில் ஃபான்ட்டின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் கையில் இருப்பதைப் போட்டுக் காட்டும். இமேஜ் டேக்கில் போட்ட எஸ்விஜி வெளியிலிருந்து ஃபான்ட்டை இறக்கிக்கொள்ளவும் முடியாது. இன்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள், எழுத்து கோடாகிவிடும். மூலக் கோப்பை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோடான பிறகு எழுத்துப்பிழை திருத்த வழியில்லை. கோடுகளைத் திரைவாசிப்பான் படிக்காது என்பதால் ஆல்ட் வரியில் (இமேஜ் டேக்கில் படத்தைச் சொல்லால் விவரிக்கும் இடம்) அந்தப் பெயர்களை எழுதிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த எஸ்விஜியை அப்படியே போடலாமா?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: உரிமம் பார்த்துவிட்டு, நோட்பேடிலும் திறந்து பாருங்கள். 'ஸ்கிரிப்ட்', 'ஆன்லோட்' என்று ஏதாவது (தானாக ஓடும் நிரலின் அடையாளம்) கண்ணில் பட்டால் வேண்டாம். இமேஜ் டேக்கில் ஸ்கிரிப்ட் ஓடாது, பக்கத்துக்குள் ஒட்டினால் ஓடும். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் எஸ்விஜியை ஏற்ற விடாமல் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.