வாசகர் கேள்வி – பதில்: ஜப்பானும் கொரியாவும்

கொரிய சீரியல் பார்க்கும் வீடுகள் பெருகிவிட்டதாலோ என்னவோ, இந்த முறை வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதி கொரியாவைப் பற்றித்தான். ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை மட்டும் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கண்டி மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் எங்கள் கோட்டையில் சிறை வைத்தார்கள். கொரிய மன்னரை ஜப்பானும் அப்படி வைத்ததா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்

கோட்டையில் அடைக்கவில்லை. அதைவிடச் சாமர்த்தியமாகக் கதையை முடித்தது. 1905 நவம்பர் 17 ஒப்பந்தத்தில் கொரியாவின் வெளியுறவு ஜப்பான் கைக்குப் போனது. ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபுமி முதல் ரெசிடென்ட் ஜெனரலாக, அதாவது கொரியாவை மேற்பார்க்கும் ஜப்பானிய அதிகாரியாக, சியோலில் உட்கார்ந்தார். மன்னர் கோஜோங் 1907இல் ஹேக் அமைதி மாநாட்டுக்கு மூன்று தூதர்களை ரகசியமாக அனுப்பினார். வெளியுறவு உரிமை இல்லாத நாட்டுக்கு இடமில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதையே சாக்காக வைத்து ஜூலையில் அவரைப் பதவி விலக வைத்தது ஜப்பான். அடுத்த மாதம் கொரியப் படையும் கலைக்கப்பட்டது. அரியணையில் மகன் சுன்ஜோங். நாட்டை ஜப்பானோடு இணைக்கும் ஒப்பந்தம் 1910 ஆகஸ்ட் 22 அன்று கையெழுத்தாகி, 29 அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

அரச குடும்பத்துக்குப் பட்டமும் மானியமும் உண்டு. ஆனால் கோஜோங்கின் இன்னொரு மகன், இளவரசர் இ உன், பத்து வயதில் ‘படிப்புக்காக’ டோக்கியோ கொண்டுபோகப்பட்டார். ஜப்பானிய ராணுவ அதிகாரியாக வளர்ந்தார், 1920இல் ஜப்பானிய அரச குலத்துப் பெண்ணை மணந்தார், 1963இல்தான் கொரியாவில் குடியேறத் திரும்பினார்.

கோஜோங் 1919 ஜனவரியில் இறந்ததும் விஷம் வைத்தார்கள் என்ற வதந்தி கிளம்பியது. சவ ஊர்வலம் மார்ச் 3 என்று குறித்ததால் ஊர் ஊராக ஜனங்கள் சியோலுக்கு வந்து குவிந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தைக் கணக்கில் வைத்துத்தான் மார்ச் 1 அன்று சுதந்திர அறிக்கை வெளியானது. கையெழுத்திட்ட 33 பேரில் வந்து சேர்ந்தவர்கள் கலவரம் வேண்டாமென்று ஓர் உணவகத்தில் கூடி, போலீசுக்குத் தாங்களே சொல்லியனுப்பிக் கைதானார்கள். பூங்காவில் வாசித்துக் காட்டியது மாணவர்கள் கூட்டம்.

கொரியர்களை ஜப்பானியப் பெயர் வைக்கச் சொன்னார்களாமே, நடைமுறையில் எப்படிச் செய்தார்கள்?
– வாசகர், குடியாத்தம்

இரண்டு தனித்தனி நடவடிக்கைகள். பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது குடும்பப் பெயர். கொரியாவில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தகப்பன் குலப் பெயரையே வைத்திருப்பாள். ஜப்பானியப் பதிவேட்டிலோ ஒரு வீட்டுக்கு ஒரே பெயர். 1940 பிப்ரவரி 11 முதல் ஆறு மாதத்துக்குள் புதுக் குடும்பப் பெயரைப் பதியலாம் என்றார்கள். பதியாமல் விட்டால் தப்பலாமா? முடியாது. குடும்பத் தலைவரின் கொரியக் குலப் பெயரே வீட்டுப் பெயராகிவிடும். மனைவியும் தாயும் அதற்குள் அடக்கம். இரண்டாவது, சொந்தப் பெயரை மாற்றுவது. இது விருப்பம், நீதிமன்ற அனுமதியும் கட்டணமும் வேண்டும்.

புதுக் குடும்பப் பெயரைப் பதிவதும் சட்டத்தில் ‘விருப்பம்’தான் என்றாலும் கீழ்மட்ட அதிகாரிகளும் பள்ளிகளும் கொடுத்த கெடுபிடியில் சுமார் 80 சதவீதக் குடும்பங்கள் கெடுவுக்குள் பதிந்தன. கிம் என்பதை எழுதும் சீன எழுத்தை ஜப்பானியத்தில் ‘கானெ’ என்றும் படிக்கலாம்; கிம் குடும்பங்கள் பல, அந்தப் பழைய எழுத்தை உள்ளே ஒளித்து வைத்து கானெடா, கானெமோதோ என்று மாறின. தென் பகுதியில் 1946 அக்டோபரில் அமெரிக்க ராணுவ அரசின் ஆணையால் பழைய பெயர்கள் மீண்டன. பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு, வெளிநாட்டில் அப்பா பெயராலேயே கூப்பிடப்படும் நமக்கு இதன் எரிச்சல் கொஞ்சம் புரியும். வலி வேறு.

ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்த கொரியர்கள் ஏன் இன்னும் வெளிநாட்டவர்?
– கல்லூரி மாணவி, காட்பாடி

1945இல் ஜப்பானில் சுமார் 20 லட்சம் கொரியர்கள். பெரும்பாலோர் உடனே கப்பலேறினார்கள். பிறகு ஒரு தடை வந்தது: ஆளுக்கு 1,000 யென், 250 பவுண்டு சாமான், அதற்கு மேல் கொண்டுபோக முடியாது. கடையும் தொழிலும் வைத்திருந்தவர் என்ன செய்வார்? சுமார் 6 லட்சம் பேர் தங்கிவிட்டார்கள்.

1947 மே மாத ஆணை இவர்களை ‘அன்னியர்’ என்று பதியச் சொன்னது. நாடு என்ற கட்டத்தில் ‘சோசென்’ என்று எழுதினார்கள். அது கொரியாவைக் குறிக்கும் பழைய பெயர்; எந்த அரசையும் குறிக்காது. 1952 ஏப்ரல் 28, ஜப்பானோடு போரை முடித்த சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில், மிச்சமிருந்த ஜப்பானியக் குடியுரிமையும் போயிற்று. பாராளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை. எந்த நாடு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

விளைவுகள் வரிசையாக வந்தன. அரசு வேலை இல்லை. தேசிய ஓய்வூதியத்தில் 1982 வரை சேர முடியாது. 1955 முதல் வெளிநாட்டவர் பதிவுக்காக அலுவலகத்தில் இடது ஆள்காட்டி விரலை மையில் உருட்டி ரேகை வைக்க வேண்டும். அட்டையை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். 1980களில் ஆயிரக்கணக்கானோர் விரல் நீட்ட மறுத்த பிறகு, 1993இல் நிரந்தர வாசிகளுக்கு ரேகை நீக்கப்பட்டது. 1991இல் ‘சிறப்பு நிரந்தர வாசி’ என்ற நிலை கிடைத்தது.

இடையே 1959 டிசம்பரில் நீகாதா துறைமுகத்திலிருந்து வட கொரியாவில் குடியேறப் போகிறவர்களோடு கப்பல் கிளம்பியது. 1984 வரை சுமார் 93,000 பேர் போனார்கள். பெரும்பாலோரின் பூர்வீகம் தென் கொரியா என்பதுதான் வேதனை.

பிறந்த மண்ணால் குடியுரிமை தரும் வழக்கம் ஜப்பானில் இல்லை, பெற்றோர் வழிதான். 1985 முதல் தாய் ஜப்பானியர் என்றாலும் குழந்தைக்குக் குடியுரிமை உண்டு. கலப்பு மணமும் குடியுரிமை விண்ணப்பமும் கூடக்கூட இப்படி வெளிநாட்டவராக இருக்கும் கொரியர்களின் எண்ணிக்கை குறைந்துவருகிறது.

கோபே நகரில் ஷூ தொழிலில் கொரியர்கள் நிறைய என்று கேள்விப்பட்டேன். ஏன்?
– ஷூ கம்பெனி சூப்பர்வைசர், ஆம்பூர்

மேலே சொன்ன அதே காரணம். பெரிய கம்பெனி எடுக்காது, வங்கி கடன் தராது. கோபேயின் நாகதா பகுதியில் தயாரானது வினைல் போன்ற செயற்கைப் பொருளில் செய்யும் ‘கெமிக்கல் ஷூ’. வெட்டுவது ஓரிடம், அப்பர் தைப்பது ஓரிடம், சோல் ஒட்டுவது ஓரிடம். ஒரு தையல் மெஷின் இருந்தால் வீட்டிலேயே ஜாப் ஒர்க் எடுக்கலாம். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நெருக்கமான மரவீடுகள், கூடவே ரப்பரும் பசையும். 1995 ஜனவரி 17 அதிகாலை நிலநடுக்கத்துக்குப் பின் பிடித்த தீயில் நாகதா பெருமளவு எரிந்தது.

1965லேயே ஜப்பான் பணம் கொடுத்துவிட்டதே, இன்னும் என்ன வழக்கு?
– வணிகர், ராணிப்பேட்டை

1965இல் தென் கொரியாவும் ஜப்பானும் உறவைச் சீராக்கிச் செய்த ஒப்பந்தப்படி 30 கோடி டாலர் இலவசம், 20 கோடி டாலர் கடன். ரொக்கமாக அல்ல, ஜப்பானியப் பொருளாகவும் சேவையாகவும், பத்து ஆண்டுகளில். அதில் ஒரு பகுதி போஹாங் உருக்காலைக்குப் போனது. ஜப்பானிய ஆட்சியில் கட்டாய வேலைக்குப் போய் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு சியோல் அரசு 1970களில் தலைக்கு 3 லட்சம் வோன் கொடுத்தது. உயிரோடு ஊனமாகித் திரும்பியவர்களுக்கு அதுவும் இல்லை.

கணக்கு முற்றாகத் தீர்ந்தது என்கிறது ஜப்பான். சட்டவிரோத ஆட்சியில் நடந்த கொடுமைக்கான நஷ்டஈடு அந்தக் கணக்கில் சேராது என்று 2018 அக்டோபர் 30 அன்று கொரிய உச்ச நீதிமன்றம் சொல்லி, கட்டாய வேலை வாங்கிய நிப்பான் ஸ்டீல் நிறுவனம் வழக்குத் தொடுத்தவர்களுக்கு ஆளுக்கு 10 கோடி வோன் தர உத்தரவிட்டது. 2019இல் ஜப்பான், சிப் தயாரிப்புக்கு வேண்டிய மூன்று ரசாயனங்களின் ஏற்றுமதியை இறுக்கியது. 2023இல் ஜப்பானியக் கம்பெனிக்குப் பதில் ஒரு கொரிய அறக்கட்டளையே பணம் தரும் என்று சியோல் முடிவெடுத்தது. அதற்கு 400 கோடி வோன் கொடுத்தது யார் தெரியுமா? அந்த போஹாங் உருக்காலையின் போஸ்கோ நிறுவனம்தான். நம் பார்வையில் இது ராஜதந்திரம், தீர்வு அல்ல.

கொரியப் போரில் பணியாற்றிய கர்னல் ரங்கராஜ், எங்கள் ஊர்ப் பெயர் கொண்டவராமே?
– வாசகர், ஆற்காடு

ஆமாம், பெயரின் ‘ஏ’ ஆற்காடுதான். லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், இந்திய ராணுவத்தின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவின் தலைவர். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் படையினரோடு குதித்த இந்திய மருத்துவக் குழுவுக்கும் அவரே தலைமை. மகாவீர் சக்கரம் பெற்றவர். 1953இல் போர்க் கைதிகளைக் காக்க வேறொரு இந்தியப் படை போனபோது, தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ அவர்களைத் தன் மண்ணில் கால் வைக்க விடவில்லை. இன்சோன் கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஹெலிகாப்டரில் நேரே எல்லைப் பகுதிக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள்.