வேலூர்ல ஸ்ட்ரோக் வந்த அப்பாவ சேர்க்க நல்ல பராமரிப்பு ஹோம் எப்படி பாத்து முடிவு பண்றது?

அப்பாவுக்கு வலது கை கால் இழுத்துக்கிச்சு, அடுத்த வாரம் டிஸ்சார்ஜ், பகல்ல வீட்ல யாரும் இல்ல, காட்பாடி சத்துவாச்சாரி பக்கம் ஹோம் பாக்கப் போனா என்ன கவனிக்கணும்னு கேட்டிருக்கீங்க. எங்க மாமியாருக்கு இதே மாதிரி வந்தப்ப நானும் எங்க வீட்டுக்காரரும் ஊரச் சுத்தி நெறய எடம் ஏறி எறங்கினோம், அத வச்சு சொல்றேன். எந்த எடத்து பேரும் சொல்லல, ஏன்னா அங்க வேல பாக்கற ரெண்டு நல்ல ஆளுங்க நின்னுட்டா போதும், அதே ஹோம் வேற மாதிரி ஆயிடும்.

உள்ள போனதும் ஆபீஸ் ரூம்ல உக்கார வச்சு பேசுவாங்க, அத சுருக்கமா முடிச்சுட்டு அங்க இருக்கறவங்கள்லயே ரொம்ப முடியாம, வாய் பேச முடியாம படுத்துகினு இருக்கறவர எப்படி வச்சிருக்காங்கன்னு பாருங்க. எனக்கு தெரிஞ்சு இத விட பெரிய பரிச்ச எதுவும் இல்லங்க. நடந்து போய் டிவி பாக்கறவங்க சாப்பாடு வரலன்னா சத்தம் போட்டு கேட்டுடுவாங்க, கேக்க முடியாதவருக்கு தண்ணி யாரு குடுக்கறாங்கங்கறது தான் விஷயம். அடுத்த வீட்டு பெரியவர் போர்வைய நாம தூக்கி பாக்கக் கூடாது, ஆனா ஒதடு வெடிச்சு காஞ்சிருக்கா, நகம் வெட்டியிருக்கா, குதிகால் மெத்தையில அழுந்தாம கீழ தலகாணி வச்சிருக்காங்களா, இதெல்லாம் நின்ன எடத்துலயே தெரியும். குதிகால், இடுப்பு எலும்பு, வால் எலும்பு, இங்கல்லாம் தான் படுக்கைப் புண் மொதல்ல வரும். தோல் செவந்து, வெரலால அழுத்தினா கூட வெளுக்கலன்னா புண் ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், நம்ம கருத்த தோல்ல செவப்பு சரியா தெரியாது, தொட்டா சூடாவோ கெட்டியாவோ இருக்கும். வழக்கமா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வாங்க, அத எழுதி வைக்கிற சார்ட் எங்கன்னு கேளுங்க, கட்டில் கிட்டயே நேத்து ராத்திரி டைம் வரைக்கும் எழுதியிருந்தா நல்லது, தேடி எடுத்துட்டு வந்தாங்கன்னா யோசிங்க. "ஏர் பெட் இருக்கு, அதனால திருப்ப வேணாம்"னு சொன்னா நம்பாதீங்க, ஏர் பெட்லயும் திருப்பணும். நம்ம ஊர்ல மே மாசம் கரண்ட் போனா ஃபேன் மட்டும் இல்ல அந்த பெட்டோட பம்பும் நின்னுடும், இன்வெர்ட்டர் லைன்ல அது இருக்கான்னு கேளுங்க.

ராத்திரி ஆளு எத்தன பேருங்கறத ஆபீஸ்ல கேக்காம ஆயாம்மாவ கேளுங்க. ஒரு எடத்துல 24 மணி நேரமும் நர்ஸ்னு போர்டே இருந்துச்சு, மாடில துணி காயப் போட்டுகினு இருந்த அம்மா "நைட்டுக்கு நானும் இன்னொரு பொண்ணும் தான்மா, மேலயும் கீழயும் நாங்களே தான் பாத்துக்கறோம்"னு சொன்னாங்க. அவங்க மேல தப்பே இல்ல, பாவம், ரெண்டு பேர் அத்தன பேரையும் எப்படி திருப்புவாங்க? அப்பாவுக்கு சுகர் இருந்தா இது இன்னும் முக்கியம், இன்சுலின் போட்டுட்டு சரியா சாப்பிடாம படுத்தா நடு ராத்திரில சுகர் எறங்கி வேர்த்துக் கொட்டும், அப்ப செக் பண்ணத் தெரிஞ்ச ஆளு அங்க இருக்கணும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரமா பாத்து போங்க. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல நெறய பேருக்கு முழுங்கறது கஷ்டம், வெறும் தண்ணி தான் சட்டுன்னு பொறை ஏறும், கெட்டியான கேழ்வரகு கஞ்சி அத விட சுலபமா எறங்கும், எது எவ்வளவு கெட்டியா குடுக்கணும்னு டிஸ்சார்ஜ்க்கு முன்னாடியே டாக்டர்ட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. ஹோம்ல நிமிந்து உக்கார வச்சு ஒவ்வொரு வாயா முழுங்கினதுக்கு அப்புறம் அடுத்தத குடுக்கறாங்களா, சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது சாய்க்காம வச்சிருக்காங்களான்னு பாருங்க, படுத்த வாக்குல ஊட்டினா சாப்பாடு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். பகல்ல எல்லாரும் ஒரே மாதிரி தூங்கி வழியறாங்களா, யாரு கையாவது கட்டில்ல கட்டியிருக்கா, யூரின் பை தரையில கெடக்கா, இதுல ஒண்ணு இருந்தாலும் நான் என் வீட்டு ஆள அங்க விட மாட்டேன்.

பிசியோ இருக்காருன்னு எல்லா எடத்துலயும் சொல்வாங்க. தெனம் வராரா, எவ்வளவு நேரம், இந்த மாசம் என்ன பண்ண வைக்கப் போறாருன்னு கேளுங்க, "கட்டில்ல இருந்து சேர்ல மாறி உக்கார வைக்கணும்"ங்கற மாதிரி பதில் வரணும், "எக்சர்சைஸ் குடுப்போம்"ங்கறது பதில் இல்ல. முடியாத கைய புடிச்சு இழுத்து தூக்கறாங்களான்னு கண்டிப்பா பாருங்க, தோள்பட்ட எறங்கிடும், அப்புறம் அந்த வலிக்கே மனுஷன் எதுவும் செய்ய மாட்டேன்னுடுவாரு. மொதல் மூணு மாசத்துல தான் முன்னேற்றம் வேகமா இருக்கும், அந்த நேரத்த வெறும் படுக்க எடம் குடுக்கற ஹோம்ல கழிக்க விடாதீங்க. அதனால ஹோம் தேடறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட ரீஹேப்ல, அதாவது பயிற்சி குடுத்து தன் வேலைய தானே செய்ய வைக்கிற மறுவாழ்வு மையத்துல, சேக்க முடியுமான்னு கேளுங்க. பாகாயத்துல சிஎம்சி ரீஹேப் 1966ல இருந்து இருக்கு, அத ஆரம்பிச்ச டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல ஆக்சிடென்ட்ல இடுப்புக்கு கீழ வராம போய் வீல்சேர்ல உக்காந்தே ஆபரேஷன் பண்ணவங்க. அங்க பொதுவா வீட்டு ஆளு ஒருத்தர் கூட இருக்கணும், தூக்கறது, மாத்தறது, குளிப்பாட்டறதுன்னு அவங்களுக்கே கத்துக் குடுப்பாங்க. எடம் கெடைக்குமா, உங்க அப்பா நெலமைக்கு சேத்துப்பாங்களாங்கறது அவங்க பாத்து சொல்லணும், ஆனா கேக்காம விட்டுடாதீங்க.

பணத்த பத்தி, மாச ஃபீஸ்ல டயப்பர், மருந்து, பிசியோ சேருமா, அட்வான்ஸ் திரும்ப தருவாங்களா, திடீர்னு மூச்சு தெணறினா எந்த ஆஸ்பத்திரி, யாரு கூட்டிட்டுப் போவாங்க, எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. அப்பா பேர்ல இருக்கற வீடு நிலம் எதையும் ஹோமுக்கோ "நான் பாத்துக்கறேன்"னு சொல்ற சொந்தத்துக்கோ அவசரப்பட்டு எழுத விடாதீங்க. ஏற்கனவே எழுதியிருந்தா, பாத்துக்கணும்னு நிபந்தனையோட எழுதின சொத்த பாத்துக்கலன்னா 2007 பெற்றோர், முதியோர் பராமரிப்பு சட்டத்துல திரும்ப கேக்க வழி இருக்கு, ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட மனு குடுக்கணும். பெரியவங்க சம்பந்தமா எந்த உதவிக்கும் 14567க்கு ஃபோன் பண்ணலாம்.

வீட்லயே வச்சுக்க கொஞ்சமாவது வழி இருந்தா, மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசு திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோ குடுப்பாங்க, காசு கெடையாது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. ஹோம்ல தான் விடணும்னா, எப்ப வேணா வந்து பாக்கலாமான்னு கேளுங்க. சாயங்காலம் 4 டு 5 தான்னு சொல்ற எடம் வேணாம். சேத்த புதுசுல ஒரு நாள் காலையில, ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குன்னு சொல்லாம போங்க, வேட்டிய மாத்தற சாக்குல முதுகையும் குதிகாலையும் நீங்களே பாத்துடுங்க.