கம்பி நீட்டிய சொல்

கேள்வி: ‘ஸ்கெடாடில்’ என்ற ஆங்கிலப் பேச்சுச் சொல்லுக்கு ‘வேகமாகப் போ’ என்று பொருளாம். ஹோமர் காலத்துக் கிரேக்கச் சொல் அது என்கிறார் எங்கள் பேராசிரியர். நம் ‘சிதறடி’தான் அப்படித் திரிந்தது என்று அடித்துச் சொல்கிறார் என் நண்பர். யார் சொல்வது சரி?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பொருளே பாதிதான் சரி. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் ஸ்கெடாடில் செய்வதில்லை. டிக்கெட் பரிசோதகரைக் கண்டதும் அடுத்த பெட்டிக்கு நழுவுகிறாரே, அவர்தான் செய்கிறார். நாம் ‘கம்பி நீட்டிவிட்டான்’ என்போமே, அது.

சொல் பரவியது அமெரிக்க உள்நாட்டுப் போரில். 1861 ஆகஸ்டில் ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ இதை அச்சிட்டு, ஆபத்து வந்தால் தெற்குப் படையினர் தங்கள் கால்களுக்குக் கொடுக்கும் வேலைக்கு வடக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் என்று விளக்கமும் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில வாரம் முன்புதான், ஜூலை 21 அன்று, புல் ரன் என்ற இடத்தில் தலைதெறிக்க ஓடியது வடக்குப் படை. வெற்றியை வேடிக்கை பார்க்க வாஷிங்டனிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு வண்டி கட்டிக்கொண்டு வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களும் கூடவே ஓடினார்கள். பெயர் மட்டும் எதிரிக்கு!

கட்டாய ஆள்சேர்ப்புக்குத் தப்பிக் கனடாவுக்குப் போனவர்களையும் ‘ஸ்கெடாட்லர்’ என்றார்கள். நியூ பிரன்ஸ்விக்கில் அவர்கள் குடியேறிய மேட்டுக்கு ஸ்கெடாடில் ரிட்ஜ் என்றே பெயர்.

சரி, கிரேக்கத்துக்கு வருவோம். அந்தக் கதை போர் நடக்கும்போதே கிளம்பிவிட்டது. ‘ஸ்கெடான்னுமி’ என்றால் சிதறடிப்பது. ஒலியும் பொருளும் ஒட்டுகின்றன, போதாதா? இல்லை, ஸ்காட்லாந்தில் பாலைச் சிந்துவதற்குச் சொல்லும் சொல்தான் இது என்று இன்னொரு கட்சி. நல்ல அகராதிகள் ‘மூலம் உறுதியில்லை, பிரிட்டிஷ் வட்டார வழக்காக இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஒலியும் பொருளும் ஒட்டினால் மட்டும் போதாது. ஆங்கில ‘டே’, லத்தீன் ‘தியெஸ்’ இரண்டுக்கும் பொருள் நாள்தான். ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

உங்கள் நண்பரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘சிதறடி’ யார் வழியாக, எந்த ஆண்டில், அமெரிக்கச் சிப்பாயின் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது? ‘அவசர வேலை இருக்கு, அப்புறம் பார்க்கலாம்’ என்று அவர் எழுந்து போனால், அதற்குப் பெயர்தான் ஸ்கெடாடில்.