மகள் கேட்கும் மின்னணுவியல் படிப்பு: பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதிய தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

இரண்டாம் பியூசி (பிளஸ் டூ) முடித்த தங்கள் மகள் கணினி அறிவியல் வேண்டாம், எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்தான் வேண்டும் என்று உறுதியாக நிற்பதாகவும், சென்சார், ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பு முறை, ஸ்மார்ட் சிட்டி என்று அவள் சொல்வதெல்லாம் நிலையான வேலை தருமா என்று தாங்களும் தங்கள் கணவரும் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவள் தேர்வில் எனக்கு உடன்பாடே. ஆனால் ஸ்மார்ட் சிட்டி என்ற பெயரை நம்பிச் சேர வேண்டாம். 2015 ஜூனில் தொடங்கி 100 நகரங்களை எடுத்துக்கொண்ட அந்த மத்திய அரசுத் திட்டத்தின் காலம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. மின் மீட்டரையும் தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயின் அழுத்தத்தையும் தொலைவிலிருந்து கண்காணிக்கும் தேவை மட்டும் தொடர்கிறது. அவள் நம்ப வேண்டியது அதைத்தான்.

அந்த வேலை நடக்கும் விதத்தைச் சொன்னால் தங்கள் ஐயம் பாதி தீரும். ஒரு சாலையின் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் சிம் கார்டு போட்டு மாதக் கட்டணம் கட்டுவது கட்டுப்படியாகாது என்பதால், பல இடங்களில் கம்பத்துக்கு செய்தி அனுப்பிப் பெறும் ஒரு சிறிய ரேடியோவைப் பொருத்துகிறார்கள். அது தன் செய்தியை அடுத்த கம்பத்துக்குத் தர, கம்பம் கம்பமாகக் கைமாறி அது, செய்திகளைத் திரட்டி இணையத்துக்கு அனுப்பும் கேட்வே கருவியை அடைகிறது. நடுவில் ஒன்று பழுதானால் செய்தி வேறு வழியில் போய்ச் சேர்கிறது. இதற்கான அடிப்படைத் தரமான, ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 802.15.4 வெளியானது 2003இல். அதன் மேல் எழுந்தவைதான் ஜிக்பீயும், அதைப் போன்ற திரெட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அத்தரத்தின் வேகம் நொடிக்கு 250 கிலோபிட்தான். வீடியோ அனுப்ப உதவாது, ஒரு மீட்டர் அளவையும் ஒரு விளக்கின் நிலையையும் சொல்லத் தாராளமாகப் போதும்.

மின்னிணைப்பு இல்லாத இடத்தில் வைக்கும் சென்சாரில்தான் பொறியாளரின் திறமை தெரியும். கடையில் கிடைக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர் மணி. ரேடியோ இடைவிடாமல் 10 மில்லிஆம்பியர் எடுத்தால் அது ஒரு நாள்கூடத் தாங்காது. அதே ரேடியோவைப் பெரும்பாலும் உறங்கவைத்து, தேவைப்படும்போது மட்டும் சில மில்லிநொடி விழிக்கச்செய்து, சராசரியை 10 மைக்ரோஆம்பியருக்குக் கொண்டுவந்துவிட்டால் கணக்குப்படி இரண்டரை ஆண்டு ஓடும். இந்தக் கணக்கைப் போட்டு, அதற்கேற்ப சி மொழியில் நிரல் எழுதி, மின்சுற்றுப் பலகையில் அளந்து காட்டத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் வைஃபையும் இயங்குவதால், வீட்டுக்கு வீடு ரூட்டர் உள்ள நம் அடுக்ககங்களில் எந்தச் சேனலைத் தேர்ந்தால் இரண்டும் மோதாது என்று பார்ப்பதும் அவர் பொறுப்பே.

ஆகவே ஐஓடி (கருவிகளை இணையத்தோடு இணைக்கும் துறை) என்று பெயர் சூட்டிய குறுகிய பட்டத்தைவிட, சிக்னல், மைக்ரோகன்ட்ரோலர் (கருவியை இயக்கும் சிறு கணினிச் சிப்), ஆன்டெனா, நெட்வொர்க்கிங் ஆகியவற்றை அழுத்தமாகக் கற்பிக்கும் பொதுவான ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) பட்டமே நல்லது என்பது என் துணிபு. ஜிக்பீ போன்ற ஒரு தொடர்பு முறை பழசானாலும் இந்த அடிப்படைகள் கைகொடுக்கும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் வந்தது முதல் சிப் வடிவமைப்பு வளர்ந்த ஊர் பெங்களூரு என்பதால், இவ்வேலைக்காக அவள் வெகுதூரம் போக வேண்டியதும் இராது. தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கணக்கில் ஆர்வமும், ஒரு பிழையைத் தேடி மணிக்கணக்கில் உட்காரும் பொறுமையும் இல்லையென்றால் இத்துறை அவளுக்குச் சுமையாகிவிடும்.

இதைச் சேர்க்கைக்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். மின்னணுப் பொருள் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் இரண்டு சிறிய ரேடியோ பலகைகளும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக் கொடுங்கள். ஓர் அறையின் வெப்பநிலையை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, எவ்வளவு மின்னோட்டம் செலவாகிறது என்று அவளே அளக்கட்டும். ஐயம் எழுந்தால் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கேசிஇடி (கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு) சேர்க்கைக்கான கல்லூரி விருப்பப் பட்டியலை நிரப்புமுன், தங்கள் கணவர் அவளை அழைத்துக்கொண்டு இரண்டு மூன்று கல்லூரிகளின் ஆய்வகங்களை நேரில் பார்த்துவருவது நல்லது. ரேடியோ அலைகளை அளந்து காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருக்கிறதா, மாணவர்கள் அதைத் தொட அனுமதி உண்டா, சால்டரிங் செய்து பழகுகிறார்களா என்று மூன்றாமாண்டு மாணவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள்; அவர்கள் தரும் பதிலை வைத்துப் பட்டியலின் வரிசையை அவளே எழுதட்டும்.