தருவதும் கொடுப்பதும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நகோயாவில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். ஜப்பானிய மொழியில் என்-2 தேர்வு தேறிவிட்டேன். இங்கே சொல்வதெல்லாம் புரிகிறது, சொல்கிறவர்கள்தான் புரியவில்லை. போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது கீழ்வீட்டுப் பாட்டி ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்தார். நெகிழ்ந்துபோனேன். அடுத்த வாரம் படிக்கட்டில் பார்த்தபோது தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று படித்து ஆசையோடு வந்தவன் நான். வெளியாளுக்கு இந்த ஊர் எப்போதாவது புரியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உறவு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பேராசிரியர் சுசுமு ஓனோ அதை நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வினைச்சொல் கடைசியில் வருவது, நம் உருபுகளைப் போன்ற சிறு சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, இதெல்லாம் நமக்குப் பெரிய வசதி. அந்த வசதியில்தான் வழுக்கவும் செய்கிறோம்.

‘தா’, ‘கொடு’ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தன்மைக்கும் முன்னிலைக்கும் தருதல், படர்க்கைக்குக் கொடுத்தல் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. எனக்குத் தா, உனக்குத் தருகிறேன், அவனுக்குக் கொடு. இன்று பேச்சில் இது கலந்துவிட்டது. மலையாளத்தில் இன்னும் கறாராக இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ‘குரெரு’, ‘அகெரு’ என்று இரண்டு வினைகளைப் பார்த்ததும், அட, நம்முடையதுதானே என்று எனக்குக் குதூகலமாக இருந்தது. எனக்கு ஒருவர் தந்தால் குரெரு, நான் அவருக்குக் கொடுத்தால் அகெரு.

ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. நான் உங்களுக்குத் தருவது அங்கே அகெருதான். நீங்கள் கோட்டுக்கு அந்தப்பக்கம். என் தங்கைக்கு யாரோ ஒரு புத்தகம் தந்தால் அது குரெரு. அவள் அந்தப் பேச்சில் இல்லவே இல்லை, ஆனால் என் வீட்டு ஆள். தமிழ் இலக்கணம், பேசிக்கொள்கிற இருவரையும் ஒருபக்கம் நிறுத்துகிறது. ஜப்பானிய மொழி வீட்டைச் சுற்றிக் கோடு போடுகிறது. உள்ளே ‘உச்சி’, வெளியே ‘சொட்டோ’. இந்த ஒன்று பிடிபட எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

பிடிபட்டது ஒரு போனால். ஒசாகாவில் வேலை பார்த்த காலம். எங்கள் பிரிவுத் தலைவரைக் கேட்டு வெளியிலிருந்து அழைத்தார்கள். நம் வழக்கப்படி அவர் பெயரோடு மரியாதையாக ‘சான்’ சேர்த்து, இப்போது இல்லை என்றேன். போனை வைத்ததும் பக்கத்து மேசைக்காரர் மெதுவாகச் சொன்னார்: வெளியாளிடம் பேசும்போது நம் மேலதிகாரிக்கு ‘சான்’ கிடையாது. எனக்கு அவமானமாக இருந்தது. அப்புறம் இரவு யோசித்தால், அந்த விதி எனக்குப் பொருந்துவதே நான் கோட்டுக்கு உள்ளே இருப்பதால்தான். போனில் பேசிய ஜப்பானியர் சொட்டோ, நான் உச்சி. கோடு ரத்தத்தில் இல்லை. ஒவ்வொரு பேச்சிலும் புதிதாகப் போடப்படுகிறது.

உங்கள் கேள்விக்கு லாஃப்காடியோ ஹெர்ன் என்ற மேலைநாட்டு எழுத்தாளரை நினைத்துக்கொள்கிறேன். 1890-இல் ஜப்பான் போனார். மாட்சுவே ஊரில் ஆசிரியராக இருந்தபோது செட்சு என்ற பெண்ணோடு வாழத் தொடங்கி, 1896-இல் கோய்சுமி யாகுமோ என்ற பெயரில் குடியுரிமை வாங்கினார். புத்தகங்களைத் தானே படிக்கும் அளவுக்கு அந்த மொழி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் அவர் எழுதிவைத்த பேய்க்கதைகளை ஜப்பானியர்கள் தங்கள் சொத்தாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கதைகளில் பலவற்றை செட்சுதான் பழைய நூல்களைத் தேடிப் படித்து, ராத்திரியில் விளக்கைத் தணித்து வைத்துச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லாதே, உன் வார்த்தையில் சொல் என்பாராம் ஹெர்ன். இருவரும் பேசியது உருபும் விகுதியும் உதிர்ந்த ஒரு ஜப்பானிய மொழி. ‘ஹெர்ன்-சான் மொழி’ என்றே அதற்குப் பெயர். என்-2 என்ன, அடிமட்டத் தேர்வான என்-5-இல்கூட அது தேறுமா தெரியாது! ஊரைப் புரிந்துகொள்ள அவர் தனியாக முயன்றதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஆளைப் புரிந்துகொண்டார், அந்த ஆள் வழியே மற்றது வந்தது. ‘இகிகாய்’ (வாழ்வதற்கான காரணம்), ‘வாபி-சாபி’ (குறையிலும் பழமையிலும் காணும் அழகு) என்று பெரிய சொற்களைப் பிடித்துக்கொண்டு புத்தகம் போடுகிறவர்களைவிட எனக்கு அவர் வழிதான் பிடித்திருக்கிறது.

சரி, உங்கள் பாட்டிக்கு வருவோம். அவர் கஞ்சி கொண்டுவந்ததை ஆலையில் எப்படிச் சொன்னீர்கள்? ‘மொத்தே கிட்டா’ என்றால் கொண்டுவந்தார், அவ்வளவுதான். கேட்பவருக்கு ஒட்டுதல் இல்லாததுபோல் இருக்கும். ‘மொத்தே கிட்டே குரெட்டா’ என்று குரெருவைச் சேர்த்தால்தான் அந்தக் கஞ்சி உங்களை வந்து சேர்கிறது. நாமும் ‘சொல்லித் தந்தார்’ என்கிறோம், ஆனால் ‘வந்து தந்தார்’ என்று வருகையையே கொடையாகச் சொல்ல நமக்கு வழியில்லை. அவர்களுக்கு இருக்கிறது.

இன்னொன்று. படிக்கட்டில் பார்த்தபோது ‘சென்ஜிட்சு வா அரிகாதோ கொஸாய்மஷ்டா’ என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் செய்ததற்கு நன்றி என்று பொருள். கஞ்சி வாங்கியபோதே நன்றி சொல்லியிருப்பீர்கள். நம் ஊரில் அதுவே அதிகம், நெருங்கியவர்களுக்குள் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அங்கே அடுத்த தடவை பார்க்கும்போது இன்னொரு முறை சொல்வது வழக்கம். பாட்டி விலகவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக அரை நொடி நின்றிருக்கக்கூடும்.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? அண்டை வீட்டுப் பாத்திரத்தை என் அம்மா வெறுமனே அனுப்பமாட்டார். அங்கும் அந்த வழக்கம் உண்டு.

அன்புடன்.