கூட்டல் குறியை விட்டுவிடாதீர்கள்

கணினி கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிஸ்க் நிரம்பிய கவலைதான். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. கட்டளைகளை வழக்கம்போல உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன். கீபோர்டில் தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் சேர்த்துத் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஸ்டுடியோவில் 4 டிபி டிஸ்க் நான்கைப் போட்டு ரெய்டு 5 கட்டி, அதன்மேல் எல்விஎம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாண வீடியோ வைக்கும் வால்யூம் 97 சதவீதம் நிரம்பிவிட்டது. வைகாசி முகூர்த்தம் வரிசையாக நிற்கிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்தால்தான் பெரிதாக்க முடியும் என்கிறார் ஒருவர். 16 டிபி வாங்கியும் 10.9 என்றுதான் காட்டுகிறது. மீதி எங்கே போனது?
– ஸ்டுடியோ உரிமையாளர், கும்பகோணம்

பதில்: ஃபார்மேட் வேண்டாம். ஒரு கோப்பைக்கூட நகர்த்த வேண்டாம்.

முதலில் காணாமல் போன இடம். பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுவது ரெய்டு. அதில் 5-ம் வகையில் ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்கு, அதாவது போன டிஸ்க்கின் தரவைத் திரும்பக் கணக்கிட உதவும் குறிப்புக்கு, போய்விடும். நான்கில் ஒன்று செத்தாலும் படம் பிழைக்கிறதே, அதற்கான விலை அது. மிஞ்சுவது 12 டிபி. டிஸ்க் விற்பவர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்குப் போடுகிறார், லினக்ஸ் 1024-ஆல் போடுகிறது. அதனால் அந்த 12 திரையில் 10.9 ஆகத் தெரிகிறது. உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

இனி வால்யூம். உங்கள் பெட்டியில் எல்லாம் அடுக்கு அடுக்காக இருக்கிறது. அடியில் ரெய்டு. அதை எல்விஎம்-க்கு, அதாவது டிஸ்க் இடத்தைப் பங்கு போட்டுத் தரும் லினக்ஸ் ஏற்பாட்டுக்கு, ஒப்படைத்தால் அது பிசிக்கல் வால்யூம். அப்படி ஒப்படைத்தவை சேர்ந்த மொத்தக் களஞ்சியம் வால்யூம் குரூப். களஞ்சியத்திலிருந்து வேண்டிய அளவு அளந்து கொடுத்தது லாஜிக்கல் வால்யூம். அதற்கு மேல்தான் ஃபைல் சிஸ்டம், உங்கள் வீடியோக்கள் உட்கார்ந்திருக்கும் இடம். பெரிதாக்க வேண்டுமானால் கீழிருந்து மேலாகத்தான் போக வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன் விஜிஎஸ் என்று தட்டுங்கள். கடைசிப் பத்தியில் விஃப்ரீ என்று வருவதுதான் இன்னும் யாருக்கும் கொடுக்காத இடம். அடுத்து எல்விஎஸ், எந்த வால்யூம் எவ்வளவு என்று பார்க்க. பிறகு டிஎஃப், ஒரு இடைவெளி, கழித்தல் குறி, சின்ன எச், பெரிய டி. அது ஃபைல் சிஸ்டம் எந்த வகை, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். இந்த மூன்றும் எதையும் மாற்றாது. மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நிஜமாகவே பேனாவால். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் விஃப்ரீ 1.9 டிபி என்று இருக்கிறது. பெட்டியைக் கட்டித் தந்தவர் விவரமானவர், முழுவதையும் முதல் நாளே பங்கு போடாமல் வைத்திருக்கிறார். இப்போது எல்விஎக்ஸ்டெண்ட், இடைவெளி, கழித்தல் குறியோடு சின்ன ஆர், இடைவெளி, கழித்தல் குறியோடு பெரிய எல், இடைவெளி, அடுத்து கூட்டல் குறி, அதை ஒட்டியே 800, பெரிய ஜி, இடைவெளி, கடைசியில் குரூப் பெயர் சாய்கோடு வால்யூம் பெயர். அந்தச் சின்ன ஆர், வால்யூமோடு சேர்த்து ஃபைல் சிஸ்டத்தையும் நீட்டிவிடும். அதை விட்டுவிட்டு, "கட்டளை ஓடியது, ஆனால் இடம் கூடவே இல்லை" என்று எழுதுபவர்கள் மாதம் இரண்டு பேராவது இருக்கிறார்கள். ஃபைல் சிஸ்டம் வகை இஎக்ஸ்டி4 ஆனாலும் எக்ஸ்எஃப்எஸ் ஆனாலும் மவுண்ட் ஆகி, அதாவது இணைந்து பயன்பாட்டில், இருக்கும்போதே வளரும். எடிட்டிங் நடந்துகொண்டே இருக்கலாம்.

கூட்டல் குறியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கூட்டல் குறி போட்டு 800 என்றால் "இருப்பதோடு 800 சேர்". குறி இல்லாமல் 800 என்றால் "மொத்தமே 800 ஆக்கு". எல்விஎக்ஸ்டெண்ட் என்றால் தப்பித்தீர்கள், அது சுருக்காது, பிழை சொல்லி நின்றுவிடும். எல்விரீசைஸ் அப்படியல்ல. அது இரண்டு பக்கமும் திரும்பும்.

2011-ல் இது எனக்கே நடந்தது. இந்த ஜில்லாவில் ஓர் அலுவலகம். 1.2 டிபி வால்யூமோடு 200 ஜிபி சேர்க்கப் போனேன். எல்விரீசைஸ் தட்டினேன், கூட்டல் குறி விட்டுப்போனது. சுருக்கினால் தரவு அழியக்கூடும், நிஜமாகவே சுருக்கட்டுமா என்று திரை கேட்டது. அன்று காலையிலிருந்து எத்தனையோ கேள்விக்கு ஒய் போட்ட கை, இதற்கும் ஒய் போட்டது. 1.2 டிபி, 200 ஜிபி ஆகி நின்றது. அடுத்த நிமிஷமே பக்கத்து அறையிலிருந்து "ஃபைல் ஓப்பன் ஆகலீங்க" என்று குரல். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

காப்பாற்றியது ஒரு ஃபோல்டர். இடிசி-க்குள் எல்விஎம், அதற்குள் ஆர்க்கைவ். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் எல்விஎம் தன் வரைபடத்தை அங்கே ஒரு பிரதி எடுத்துப் போடுகிறது, எந்தக் கட்டளைக்கு முன்னால் எடுத்தது என்ற குறிப்போடு. உடனே எல்லாரையும் வெளியே வரச்சொல்லி வால்யூமை அன்மவுண்ட் செய்தேன். விஜிசிஎஃப்ஜிரிஸ்டோர் கட்டளையில் லிஸ்ட் கேட்டால் பிரதிகள் வரிசையாக வந்தன. கடைசியில் நான் தட்டிய அதே தப்பான வரி. அதற்கு முந்தைய நிலையைத் திருப்பி வைத்து, வால்யூமை அணைத்து மறுபடி உயிர்ப்பித்து, ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே-யை முதலில் எதையும் எழுதாமல் பார்க்க மட்டும் ஓட்டி, பிறகு சரிசெய்ய ஓட்டினேன். தரவு திரும்பியது. விடுபட்ட இடத்தில் அதற்குள் வேறு வால்யூம் உருவாக்கி எழுதியிருந்தால் திரும்பியிருக்காது. வரைபடம்தான் திரும்பும், மேலே எழுதி அழித்த தரவு திரும்பாது.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். வெண்ணாற்றுக் கிளை வாய்க்கால் ஒன்றின் தலைப்பில் ஷட்டர் திருகுகிற வேலை. சாவியைப் போட்டுத் திருகுவதற்கு முன் அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். ராத்திரி மழையில், அம்மா குடை பிடிக்க, டார்ச் வெளிச்சத்தில் எழுதியதும் உண்டு. திருகிய பிறகு இன்னொரு வரி. இறக்கினது போதவில்லை என்று கடைமடையிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டால் அந்த இரண்டு வரிதான் பேசும். 2011-க்கு அப்புறம் நானும் அப்படித்தான். கட்டளைக்கு முன் ஒரு வரி, பின் ஒரு வரி. உங்களை எழுதச் சொன்னது அதனால்தான்.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். அந்த 1.9-ம் தீர்ந்த பிறகு, கடையில் ஒரே ஒரு டிஸ்க் வாங்கி வந்து விஜிஎக்ஸ்டெண்ட் போட்டுக் குரூப்பில் சேர்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். சேரும், இடமும் கூடும். ஆனால் அந்த ஒற்றை டிஸ்க்குக்கு ரெய்டு காவல் கிடையாது. வால்யூம் அதன்மேலும் பரவியபின் அது செத்தால் மொத்த வால்யூமும் போகும். ஐந்தாவது டிஸ்க்கை ரெய்டிலேயே சேர்த்து வளர்த்து, அது முடிந்தபின், பிசிக்கல் வால்யூமை நீட்டும் பிவிரீசைஸ் கொடுங்கள். மணிக்கணக்கில், சமயத்தில் நாள்கணக்கில் ஓடும். ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஓய்வு.

கேள்வி: எக்ஸ்எஃப்எஸ் வால்யூமைக் குறைக்க என்ன கட்டளை?
– சீர்காழி வாசகர்

பதில்: இல்லை. எக்ஸ்எஃப்எஸ் வளரும், குறையாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு நகலெடுத்து, வால்யூமை நீக்கி, சின்னதாக உருவாக்கித் திரும்ப வைக்க வேண்டும். இஎக்ஸ்டி4 குறையும், ஆனால் அன்மவுண்ட் செய்த பிறகுதான். அங்கே வரிசை தலைகீழ்: முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு வால்யூம். எல்விரெடியூஸ்-ல் சின்ன ஆர் போட்டால் அந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். பேக்கப் இல்லாமல் தொடாதீர்கள்.

கேள்வி: ரைஸ் மில்லில் கணக்கு பார்க்கிறேன். கணக்கு மென்பொருள் இருக்கும் வால்யூமுக்கு 3 மாதம் முன்பு ஸ்னாப்ஷாட் எடுத்து அப்படியே வைத்திருக்கிறோம். தனியாக பேக்கப் வேண்டாம்தானே?
– திருத்துறைப்பூண்டி வாசகி

பதில்: வேண்டும் அம்மா, இன்றைக்கே. ஸ்னாப்ஷாட் என்பது முழு நகல் இல்லை. எடுத்த நிமிஷத்துக்குப் பிறகு மூல வால்யூமில் ஓரிடம் மாறும்போது, அங்கே இருந்த பழையதை மட்டும் தன்னிடம் எடுத்து வைத்துக்கொள்கிறது. மாறாத பகுதியை மூலத்திலிருந்துதான் படிக்கிறது. ஆகவே மூலம் போனால் ஸ்னாப்ஷாட்டும் போயிற்று. இரண்டும் இருப்பது அதே டிஸ்க்குகளில்.

மூன்று மாதம் என்பது இன்னொரு கவலை. எல்விஎஸ் தட்டி அந்த ஸ்னாப்ஷாட் வரிசையில் டேட்டா சதவீதம் பாருங்கள். 100 ஆகியிருந்தால் அது ஏற்கெனவே செல்லாததாகிவிட்டது, எதற்கும் உதவாது. ஆகாவிட்டாலும் புதிதாக ஓரிடம் மாறும்போதெல்லாம் இரட்டை வேலை வைத்து உங்கள் மென்பொருளை மெதுவாக்கிக்கொண்டிருக்கும். ஸ்னாப்ஷாட்டின் ஆயுள் சில மணி நேரம். மென்பொருளைப் புதுப்பிக்கப் போகிறீர்களா, எடுங்கள். ஓடுகிறதா என்று பாருங்கள். சரியென்றால் எல்விரிமூவ் கொடுத்து எடுத்துவிடுங்கள்.

உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் ஓட்டைப் பிய்த்துப் போட்ட வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் சர்வர் நின்ற அறைக்குள் மழை நேராக இறங்கியது. ரெய்டு இருந்தது, ஸ்னாப்ஷாட் இருந்தது, எல்லாம் அதே பெட்டிக்குள். மிஞ்சியது, கடைக்காரரின் தங்கை தீபாவளிக்கு வந்துவிட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோயிருந்த ஒரு யுஎஸ்பி டிஸ்க். பத்து நாள் கணக்கைக் கையால் ஏற்றினார்கள், மற்றதெல்லாம் அதில் இருந்தது. வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து மில்லைத் தாண்டி வேறு ஊரில் வையுங்கள்.

கேள்வி: தின் ப்ரொவிஷனிங்கில் 2 டிபி பூலிலிருந்து 1 டிபி வால்யூம் ஐந்து கொடுக்கலாம் என்று படித்தேன். இது எப்படிச் சாத்தியம்?
– பொறியியல் மாணவி, மன்னார்குடி

பதில்: மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி. பாத்தியதை உள்ள எல்லாரும் ஒரே நாளில் முழுப் பங்கையும் கேட்டால் எந்த அணையும் தாங்காது. ஒரே நாளில் கேட்பதில்லை என்பதால்தான் முறை வைத்து ஓட்ட முடிகிறது. தின் பூலும் அப்படியே. ஐந்து பேருக்கும் 1 டிபி என்று சொல்லிவைக்கிறது, அவரவர் எழுத எழுதத்தான் இடத்தைத் தருகிறது.

ஆபத்து கடைமடையில். பூல் நிரம்பினால், ஒரு வால்யூம் பாதி காலியாகத் தெரியும்போதே எழுத முடியாமல் போகும். சாதாரண அமைப்பில் 60 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டுப் பிழை கொடுக்கும். டிஎஃப் இதைக் காட்டாது, எல்விஎஸ்-தான் காட்டும். டேட்டா, மெட்டா என்று இரண்டு சதவீதமும் பாருங்கள். மெட்டா நிரம்பினால் மீட்பது இன்னும் கடினம். எல்விஎம் கான்ஃப் கோப்பில் பூல் தானாக வளரும் வரம்பு 100 என்று இருக்கும். 100 என்றால் வளரவே வளராது என்று பொருள். 70 ஆக்குங்கள். வளர்வதற்குக் குரூப்பில் இடமும் விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் 70 என்று எழுதியும் பயனில்லை.

கேள்வி: ஸ்டோரேஜ் பெட்டியின் கட்டளைத் திரையில் லன்னை 2-லிருந்து 3 டிபி ஆக்கினேன். லினக்ஸ் இன்னும் 2 என்கிறது. அத்தோடு ஒரு டிஸ்க்கில் செம்மஞ்சள் விளக்கும் எரிகிறது. எதை முதலில் பார்ப்பது?
– லேப் பொறுப்பாளர், நாகப்பட்டினம்

பதில்: விளக்கை. (மற்ற வாசகர்களுக்கு: லன் என்பது ஸ்டோரேஜ் பெட்டி கணினிக்கு ஒரு டிஸ்க் போலக் காட்டும் பங்கு.) ஒரு டிஸ்க் பழுதாக நிற்கும்போது வால்யூமில் கை வைக்காதீர்கள்.

விளக்கை மட்டும் நம்பியும் இழுக்காதீர்கள். பெட்டியின் கட்டளையிலேயே பழுதான டிஸ்க்கின் சீரியல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ரெய்டு 5-ல் ஒன்று போயிருக்கும்போது நல்லதில் ஒன்றை உருவிவிட்டால் ரெய்டு மொத்தமும் அங்கேயே நின்றுவிடும். மாற்றி, ரீபில்ட் 100 சதவீதம் ஆகும்வரை காத்திருங்கள். பிறகு லன்னுக்கு வரலாம்: லினக்ஸில் அந்த டிஸ்க்கை ரீஸ்கேன் செய்து, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே-யில் 3 தெரிகிறதா என்று பார்த்து, பிவிரீசைஸ், அப்புறம் எல்விஎக்ஸ்டெண்ட். லன்மேல் பார்ட்டிஷன் போட்டு அதைத்தான் பிசிக்கல் வால்யூம் ஆக்கியிருக்கிறீர்கள் என்றால், பிவிரீசைஸுக்கு முன் பார்ட்டிஷனையும் நீட்ட வேண்டும்.

டிஸ்க் மாற்றுகிற அன்றே ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் சீரியலின் கடைசி நான்கு எழுத்தைச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். மார்க்கர் வேண்டாம், உப்புக்காற்றில் ஈரம் பட்டால் இழுகிவிடுகிறது. பென்சிலால் எழுதி மேலே செல்லோ டேப் ஒட்டினால் நிற்கும்.